சமையலறைச் சுவருக்கு என்ன நிறம்

முப்பத்தொரு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்திய தணிகாசலம், ஓய்வு பெற்றபின் பாக்கியசெல்வியிடம் மாணவராகச் சேர்ந்தார். அவளுக்கு வயது முப்பத்திரண்டு. பழைய டைல்ஸை உடைக்காமல், அதன் மேலேயே பெயிண்ட் அடித்துப் புதிதாக்குவதில் விருதுநகரில் அவளை மிஞ்ச ஆளில்லை.

இரண்டு மாதம் அவள் போன வீடுகளுக்கெல்லாம் கூடவே போனார். உப்புத்தாளால் டைல்ஸைத் தேய்த்தார். பளபளப்புப் போகும்வரை பெயிண்ட் பிடிக்காது என்று அவள் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

எல்லாம் தன் வீட்டுச் சுவர் ஒன்றுக்காக. மனைவி விசாலாட்சிக்குச் சர்க்கரை நோயால் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. பழுப்பு டைல்ஸால் சமையலறை வேறு இருண்டு கிடந்தது. உடைத்துப் புதிதாகப் போடப் பென்ஷன் தாங்காது. மேடுபள்ளத்தையெல்லாம் பட்டி பூசி மட்டமாக்கி வெள்ளை அடித்துவிட்டால் வெளிச்சம் வரும், அவளும் தடுமாற மாட்டாள் என்று நினைத்தார்.

வேலை தொடங்க வேண்டிய காலையில் பாக்கியசெல்வி வந்தாள். சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் திறந்து வைத்திருந்த பட்டி டப்பாவை மூடினாள்.

"வெள்ளை சரிதானே அம்மா?" என்று கேட்டார்.

"கண்ணை மூடிக்கிட்டுக் கடுகு டப்பாவை எடுத்துட்டு வாங்க சார்."

விளையாட்டு என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை. சரி, என்னதான் சொல்ல வருகிறாள் பார்க்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். மேடை இடுப்பில் இடித்தது. ஒரு டம்ளர் உருண்டது. கடைசியில் கையில் அகப்பட்டது காப்பித்தூள்.

பாக்கியசெல்வி உள்ளறைப் பக்கம் திரும்பி, கொஞ்சம் கடுகு வேண்டும் அக்கா என்றாள்.

விசாலாட்சி வந்தாள். வலக்கை சுவரில் பட்டும் படாமலும் நகர்ந்தது. அங்கே நான்கு டைலுக்கு ஒன்றில் பூ புடைத்திருக்கும். முதல் பூவில் விரல் நின்றது. அதன் கீழே அடுப்பு. சற்று விலகி அடுத்த பூவுக்குப் போனாள். அங்கிருந்து கையை மேலே நீட்டிக் கடுகை எடுத்துக் கொடுத்தாள்.

முழங்கால் வலியால்தான் இவள் சுவரைப் பிடித்து நடக்கிறாள் என்று அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

"உனக்கு எவ்வளவு தெரியுது?"

"அடுப்பு எரியறது தெரியும். மத்ததெல்லாம் நிழலாத்தாங்க."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். சொல்லியிருந்தால் என்னைச் சமையல்கட்டுக்குள் விட்டிருப்பீர்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

தணிகாசலம் பாக்கியசெல்வியிடம் என்ன நிறம் அடிக்கலாம் என்றார்.

"என்கிட்டயா கேக்கறீங்க?"

மனைவி பக்கம் திரும்பி அதையே கேட்டார். விசாலாட்சி வெகுநேரம் யோசித்தாள். வெள்ளை வேண்டாம், வெள்ளையில் எவர்சில்வர் பாத்திரம் கரைந்துபோகும் என்றாள். நல்ல அடர்நீலம் இருந்தால் பாத்திரம் எடுப்பாகத் தெரியலாம். பூவை மட்டும் பட்டி பூசி மூடிவிடக் கூடாது.

நான்கு நாள் வேலை நடந்தது. தணிகாசலம்தான் தேய்த்தார், அவர்தான் அடித்தார். பூக்கள் இருந்தபடியே இருந்தன. பெயிண்ட் நன்றாகக் காய்ந்தபின் ஒருநாள் காலை விசாலாட்சி உள்ளே வந்து, சுவரைத் தொடாமல் நேராகப் போய்ப் பால் பாத்திரத்தை எடுத்தாள். தணிகாசலம் அங்கிருந்து மெல்ல வெளியே வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மிச்சச் சாமான்களை எடுத்துப்போகப் பாக்கியசெல்வி வந்தாள். கொல்லையில் பிரஷ்ஷை அலசிக்கொண்டிருந்த அவளிடம் தணிகாசலம் கேட்டார்.

"இருபது வருஷம் இந்த வீட்டுல புழங்கியிருக்கேன். எனக்குத் தெரியல. ஒரே ஒரு தடவை பார்த்த உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

அவள் பிரஷ்ஷை உதறினாள்.

"அன்னைக்குச் சுவர் பூரா எண்ணெய்ப் பிசுக்கு சார். பூ மட்டும் கை பட்டுப் பட்டுச் சுத்தமா இருந்துச்சு."