சத்தம் வரக் கூடாத பெட்டி

பாளையங்கோட்டையில் ஒரு குரு உண்டு. ஆசிரமம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பேக்கரிக்கு மேலே ஒரு அறை, ஒரு நீள மேசை, அதன் மேல் வயிறு திறந்து கிடக்கும் கம்ப்யூட்டர்கள். குருவின் பெயர் சண்முகவடிவு. காலேஜில் பிசிக்ஸ் பாடம் எடுத்தவர். பிரின்சிபாலிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வெளியே வந்தவர். என்ன கேள்வி என்று யார் விசாரித்தாலும், "பதில் இன்னும் வரலை" என்பார். ஊர் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டது.

அவரைத் தேடி வந்த சிஷ்யை அவரைவிட மூத்தவள். பெயர் குளோரி. கல்யாணமான நாளிலிருந்து மற்றவர்கள் பசிக்கு நேரம் பார்த்து வாழ்ந்தவள். மிச்சம் கிடைத்த பொழுதில் போனில் கோட்டை பிடிக்கும் ஆட்டம் ஒன்றை ஆடி, அதில் ஒரு படைக்கே தலைவியாகிவிட்டாள். கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டர், ஓசூரில் ஒரு லாரி ஓனர், எங்கெங்கோ இருந்த இன்னும் சிலர் அவளைக் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். வீட்டில் அவளைக் கூப்பிட்டால் அது காபிக்காக இருக்கும்.

இப்போது அந்த ஆட்டம் போனுக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாகிவிட்டது.

"டீச்சர், எனக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேணும்."

டீச்சர் குனிந்த தலை நிமிரவில்லை. "மகனுக்கா?"

"எனக்குன்னு சொன்னேன்."

டீச்சர் நிமிர்ந்தார். மூத்தவள் என்பதால் அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டார். "உக்காருங்க மைனி. எப்படி வேணும்?"

"சின்னதா இருக்கணும். சத்தம் வரக் கூடாது. விலை கம்மியா இருக்கணும்."

"சின்னதா என்னத்துக்கு?"

"துணி அலமாரிக்குள்ள வைக்கணும். பாஸ்டர் வருவாரு, சபைக்காரங்க வருவாங்க. கண்ணுல படக் கூடாது."

"சத்தம்?"

"எங்க வீட்டுக்காரர் மத்தியானம் தூங்குவாரு. ஒரு நாள் சத்தம் கேட்டாலும் பெட்டி காயலான் கடைக்குப் போயிரும்னு சொல்லிட்டாரு. வாய்ப்பேச்சு இல்ல. என் தையல் மெஷினை அப்படித்தான் அனுப்பி வச்சாரு."

"விலை?"

"கையில உள்ளது அவ்வளவுதான்."

டீச்சர் ஸ்குரூ டிரைவரை மேசையில் வைத்தார். "கடைசியாச் சொன்னது காரணம். மத்த ரெண்டும் வேற யாரோ சொல்லி அனுப்பின மாதிரி இருக்கு."

"செஞ்சு தருவீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன். நீங்க செய்வீங்க. நான் பக்கத்துல இருப்பேன்."

மறுநாளிலிருந்து குளோரி சமையலை முடித்துவிட்டு மாடி ஏறினாள்.

முதல் பாடம் கண்ணாடி பற்றியது. ஒரு பக்கம் கண்ணாடி வைத்து, உள்ளே கலர் கலராக விளக்கு எரியும் பெட்டி ஒன்று அறையின் மூலையில் இருந்தது. குளோரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எதுக்கு டீச்சர்?"

"பார்க்கிறவங்களுக்கு. விளையாடுறவங்களுக்கு அது வேண்டாம்."

"அப்ப எனக்கு வேண்டாம். என்னை எவனும் பார்க்க வேண்டாம்."

டீச்சர் பக்கமெல்லாம் ஓட்டை போட்ட ஒரு சின்ன இரும்புப் பெட்டியை எடுத்து அவள் முன் வைத்தார். கண்ணாடி வேண்டாம் என்றதில் மிஞ்சிய காசு, கரண்ட் கொடுக்கும் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றுக்குப் போனது. கிராபிக்ஸ் கார்டு, வெளிநாடு போகிற ஒரு பையன் விற்றுவிட்டுப் போனது. குளோரி அதை வாங்கிக் கத்திரிக்காயைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சொத்தை இல்லையே?"

"ஓட்டிப் பார்த்துட்டேன்."

"கத்திரிக்காய்க்காரனும் அப்படித்தான் சொல்லுவான்."

"அப்ப நீங்களே ஓட்டிப் பாருங்க."

ஓட்டிப் பார்த்தாள். சொத்தை இல்லை.

பிராசசர் மேல் சூடு கடத்தும் பேஸ்ட் வைக்கும் நாளில் டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பட்டாணி அளவு போதும் மைனி. கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஐசிங் போடலை."

ஃபேன் மாட்ட வேண்டிய நாள் வந்தது.

"சின்னப் பெட்டிக்குச் சின்ன ஃபேன்தானே டீச்சர்?"

டீச்சர் ஒரு சின்ன ஃபேனையும் ஒரு பெரிய ஃபேனையும் மேசை மேல் வைத்து இரண்டுக்கும் கரண்ட் கொடுத்தார். சின்னது வீல் என்று கத்தியது. பெரியது சோம்பேறித்தனமாகச் சுற்றியது. இரண்டின் முன்னாலும் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக் காட்டினார். இரண்டு காகிதமும் ஒரே மாதிரி ஆடின.

"ஒரே காத்துதான். பிறகு இது ஏன் இந்தக் கத்து கத்துது?" என்றாள் குளோரி.

"இதுக்கு இடம் பத்தலை."

குளோரி பெரியதை எடுத்துக்கொண்டாள். பெட்டியில் அதற்கு மட்டும்தான் இடம் இருந்தது. அது போதும் என்றார் டீச்சர்.

கடைசி ஸ்குரூவை முறுக்கியதும் பொத்தானை அமுக்கினாள். திரையில் வெளிச்சம் வந்தது. குளோரி பெட்டியின் மேல் காதை வைத்தாள்.

"ஓடுதா டீச்சர்?"

"ஓடுது."

"எனக்குக் கேக்கலையே."

"அதைத்தானே கேட்டீங்க."

குளோரி பெட்டியைக் கட்டைப்பையில் வைத்து, மேலே முருங்கைக்கீரையைப் பரப்பி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அந்த வாரமே திரும்பி வந்தாள். பையில் பெட்டி இருந்தது, மேலே கீரை இல்லை. முகம் கடுகடுவென்று இருந்தது.

"உங்க பெட்டி கத்துது."

"உங்க பெட்டி மைனி."

"யார் பெட்டியோ. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துல மிக்சி மாதிரி ஆரம்பிக்குது. பிறகு பிளேன். எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு வந்து, இது வீடா மீனம்பாக்கமான்னு கேக்காரு. கோட்டை வாசலை உடைக்கப் போற நேரத்துல அதுவா அணைஞ்சுபோச்சு. என் ஆளுங்க அத்தனை பேரும் செத்தாங்க."

டீச்சர் கம்பிகளை மாட்டினார். "விளையாடுங்க."

குளோரி விளையாடினாள். பேக்கரியில் ரொட்டி வெந்து, ஆறி, விற்றும் போனது. பெட்டி மூச்சுக் காட்டவில்லை.

"உங்களைக் கண்டா பயப்படுது," என்றாள் குளோரி.

"வீட்டுல எங்க வச்சிருக்கீங்க?"

"சொன்னேனே, அலமாரியில."

"கதவு?"

"திறந்துதான் இருக்கு. கம்பி வெளிய வரணும்லா."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. டீச்சர், இந்த ஃபேனைக் கழட்டி விட்ருவோம். ஃபேன் இருந்தாத்தானே சத்தம்."

டீச்சர் ஸ்குரூ டிரைவரை அவளிடம் நீட்டினார். "கழட்டுங்க. அதுக்கு முன்னாடி வாயை நல்லா மூடிக்கிட்டு, மூக்குல ஒரு பக்கத்தையும் பிடிச்சுக்கிட்டு, படியில வேகமா இறங்கி ஏறிட்டு வாங்க."

"என்னத்துக்கு?"

"முடியாதுன்னா வேண்டாம்."

குளோரியிடம் முடியாது என்று மட்டும் சொல்லக் கூடாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பேக்கரிக்காரர் வாய் பிளந்து பார்த்தார். திரும்ப மேலே வந்தபோது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு புஸ் புஸ் என்று நின்றாள்.

"சத்தம் வருது மைனி."

"மூச்சு வாங்குதுல்லா."

டீச்சர் ஸ்குரூ டிரைவரைத் திரும்ப வாங்கி மேசை டிராயருக்குள் போட்டார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வாரேன்."

"அன்னைக்குத்தான் பெரிய ஆட்டம். அன்னைக்குத்தான் அவரும் கடைசி நாள் வச்சிருக்காரு. இன்னொரு தடவை கத்திச்சுன்னா திங்கட்கிழமை காயலான் கடை ஆள் வருவான். சொல்லி வச்சாச்சு."

"அப்ப சரியான நாள்தான்."

ஞாயிறு. ஆராதனை முடிந்து, பிரியாணி முடிந்து, குளோரியின் கணவர் ஞானதுரை ஹாலில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். ரிட்டயர்டு ஆபீசர். ஆபீஸ் அவரை விட்டாலும் அவர் ஆபீசை விடவில்லை. டீச்சர் உள்ளே வந்தபோது அவர் விட்ட குறட்டையில் மேசை மேல் இருந்த கண் கண்ணாடி லேசாக நகர்ந்தது.

டீச்சர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

டிவிக்கு உறை. ஃபிரிட்ஜ் தலையில் உறை, அதன் கைப்பிடிக்குத் தனி உறை. மிக்சிக்கு உறை. கேஸ் சிலிண்டருக்குச் சுருக்கு வைத்த பாவாடை. எல்லாவற்றிலும் பூ, கொடி, இலை.

"வாங்க டீச்சர்," என்று ஞானதுரை விழித்துக்கொண்டார். "நீங்களே உங்க காதால கேளுங்க. மனுசன் கண்ணு அசர முடியல."

படுக்கை அறையில் அலமாரி திறந்திருந்தது. பட்டுப்புடவைகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவில் அந்தப் பெட்டி இருந்தது. பெட்டி இருந்தது என்று சொல்வது சரியில்லை. பஞ்சு வைத்துத் தைத்த ஒரு கனத்த உறை இருந்தது. நாலு பக்கமும் ரோஜா.

குளோரி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு சின்ன ஆட்டம் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் ரோஜாக்களுக்குள்ளிருந்து ஊளை கிளம்பியது.

"பார்த்தீங்களா," என்றார் ஞானதுரை, கதவோரம் வந்து நின்று. அவர் குரலில் சந்தோஷம் இருந்தது.

டீச்சர் உறையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "யார் தைச்சது மைனி?"

"நான்தான். கையாலயே. பஞ்சு வச்சா சத்தம் வெளிய வராதுல்லா."

"அன்னைக்கு நான் வேற என்னன்னு கேட்டேனே."

"இது என்ன, உறைதானே. எங்க வீட்டுல உறை போடாத சாமான் உண்டா?"

"அருமையான தையல்."

"கான்வென்ட்ல சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது."

"வேற என்ன சொல்லிக் கொடுத்தாங்க?"

குளோரி ஹெட்போனைக் கழற்றினாள். "மெதுவாப் பேச. சத்தம் வராம நடக்க. சத்தம் வராம நாற்காலியை இழுக்க. சிரிச்சா பல்லு தெரியாம சிரிக்க."

"எல்லாம் வந்துச்சா?"

"எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட் பிரைஸ்."

டீச்சர் அவள் கையை எடுத்து உறையின் மேல் வைத்தார். குளோரி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். கொதிக்கிற இட்லிக் கொப்பரையைத் தொட்ட மாதிரி இருந்தது.

பெட்டி கத்திக்கொண்டே இருந்தது.

குளோரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உறையை உச்சியில் பிடித்து, கோழிக்கு இறகு பிடுங்குவது போல ஒரே இழுப்பில் உருவினாள். ஊளை பெருமூச்சாகி, பெருமூச்சும் மெல்ல அடங்கியது.

"சரி," என்றார் ஞானதுரை. கொஞ்சம் ஏமாந்தவர் போல இருந்தார். "நின்னுட்டு. இப்படியே உள்ள இருக்கட்டும். கதவை மட்டும் ஒருச்சாய்ச்சு வை."

குளோரி பெட்டியை அணைத்தாள். கம்பிகளைக் கழற்றினாள். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைக் கடந்து ஹாலுக்குப் போனாள். டிவி பக்கத்து மேசையில் இருந்த பிளாஸ்டிக் பூச்சாடியைக் கீழே இறக்கினாள். அதன் அடியில் இருந்த பூப்போட்ட துணியையும் எடுத்துப் போட்டாள். டிவி உறையையும் தள்ளிவிட்டு, வெறும் மேசையில் பெட்டியை வைத்து டிவிக்குக் கம்பி மாட்டத் தொடங்கினாள்.

"ஏ குளோரி. என்ன செய்யுத?"

"அதுக்கு இடம் பத்தலை."

"சாயங்காலம் பாஸ்டர் வாராரு."

"வரட்டும். படையில ஒரு ஆள் குறையுது. விருப்பம்னா சேர்த்துக்கிடலாம்."

"யாருடைய பெட்டின்னு கேட்டா?"

"என் பெட்டின்னு சொல்லுங்க. உங்களுக்கு வாய் வரலைன்னா நான் சொல்லுதேன்."

"நாளைக்குக் காயலான் கடை ஆளு வருவான்."

"அந்த அலமாரியைக் கொடுத்து அனுப்புங்க."

ஞானதுரை டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சுவரில் இருந்த காலண்டர் வசனத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

திரையில் கோட்டை எழும்பியது. குளோரி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அது தரையில் கிறீச்சிட்டது. அவள் அதைத் தூக்கி வைக்கவில்லை.

"டாக்டர், இடது பக்கம் போங்க. வாயைப் பிளந்துக்கிட்டு நிக்காதீங்க, அது உங்க பேஷண்டு வேலை. ஓசூர், ஏணியைக் கொண்டா. நான் சொல்லாம ஒருத்தனும் ஏறக் கூடாது."

இத்தனை வருஷத்தில் அந்த ஹாலில் அந்தக் குரல் அவ்வளவு உயரத்துக்குப் போனதில்லை. வாசல் பக்கம் போன யாரோ நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஞானதுரை மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். ரோஜா உறை எப்படியோ அவர் மடியில் இருந்தது. அவர் பெட்டியின் பக்கம் காதைச் சாய்த்தார். அதிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை.

"டீச்சர், பெட்டிச் சத்தம் நின்னுட்டு. ஒத்துக்கிடுதேன். இவ சத்தத்துக்கு என்ன வழி?"

"நான் பெட்டிக்குத்தான் பொறுப்பு அண்ணாச்சி."

கோட்டை வாசல் உடைந்தது. குளோரி பல் தெரியச் சிரித்தாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மடியில் கிடந்த ரோஜாவை விரலால் நிமிண்டினார்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும். திரும்ப ஒரு நாள் கத்திச்சுன்னா நான் என்ன செய்யணும்?"

டீச்சர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"கத்திச்சுன்னா, மேல யாரோ எதையோ போட்டு மூடியிருக்காங்கன்னு அர்த்தம் அண்ணாச்சி. எடுத்துவிடுங்க."