மணிக்குக் கீழே ஒரு பாய்

காலையில் எழுந்ததும் நேராக எஸ்தர் டீச்சரின் பட்டறைக்கு வந்துவிட்டார் சிதம்பரதாணு. காப்பி குடிக்கக்கூட மனிதருக்குப் பொறுமை இல்லை.

எஸ்தர் கட்டடக் கலைஞர். தான் கட்டும் கட்டடங்களுக்குத் தானே காற்றுமணியும் செய்கிறவர். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைகிற காற்றுக்கு அவர் பட்டறைதான் முதல் வீடு. பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சிதம்பரதாணு, அவரிடம் மணி வார்க்கக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தவர். குருவைவிட வயதில் மூத்த சீடர். அதில் இரண்டு பேருக்குமே வெட்கம் கிடையாது.

பட்டறையின் நடு உத்தரத்தில் சிதம்பரதாணுவின் முதல் பெரிய வெண்கல மணி தொங்கியது. நாளைக்கு அது பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அங்கே எஸ்தர் கட்டிய முற்றத்தில், பிள்ளை பெற்றவர்கள் குழந்தையோடு காற்று வாங்க உட்காரும் பெஞ்சுக்கு நேர் மேலே மாட்டுவதாக ஏற்பாடு.

அந்தப் பெஞ்சுதான் அவரைக் காப்பி குடிக்க விடவில்லை.

"டீச்சர், நாளைக்கு வேண்டாம்."

"எது வேண்டாம்?"

"மணிய அங்க மாட்ட வேண்டாம். தோட்டத்துல, மரத்துப் பக்கமா மாட்டுவோம். கீழ யாரும் இருக்க மாட்டாவ."

"கொக்கி சரியில்லையா?"

"கொக்கி நல்லாத்தான் இருக்கு."

"சங்கிலி?"

"அதும் நல்லாத்தான் இருக்கு. நேத்துப் போகும்போதும் பாத்துட்டுதான் போனேன்."

"பின்ன என்ன அண்ணாச்சி?"

"விழுந்துட்டா?"

எஸ்தர் மூலையிலிருந்து ஒரு பாயை எடுத்து வந்து மணிக்கு நேர் கீழே விரித்தார். படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"டீச்சர், எந்திரிங்க. விளையாட்டுக் காரியமில்ல இது."

"இங்கயிருந்து எந்த மணி போனாலும், முந்தின நாள் செஞ்சவங்களும் நானும் கீழ கிடந்து பாப்போம். உங்க மணிக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா? வாங்க."

வேறு வழியில்லாமல் அவரும் படுத்தார். கீழிருந்து பார்க்க, மணியின் வாய் கிணறு மாதிரி அகன்று தெரிந்தது. தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டார். தெரியாத சாமிகள் ஒன்றிரண்டையும் சேர்த்துக்கொண்டார். பக்கத்தில் அசையாமல் கிடந்த குருவைப் பார்க்கப் பார்க்க, இந்த அம்மாவுக்கு என்ன நெஞ்சழுத்தம் என்று கோபம்கூட வந்தது.

அப்போதுதான் காற்று வந்தது.

ஜன்னல் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. சுவரோரச் சின்ன மணிகள் எல்லாம் ஒரே கூச்சல் போட்டன. பெரிய மணி சாய்ந்து, திரும்பி, மறுபடி சாய்ந்தது. உத்தரம் முனகியது. மணியின் நாக்கு மோதியபோது அந்தச் சத்தம் தரை வழியாக முதுகுக்குள் ஏறியது.

சிதம்பரதாணு எழுந்து ஓடப் பார்த்தார். முடியவில்லை. அவர் சட்டைக் கை எதிலோ மாட்டியிருந்தது.

திரும்பிப் பார்த்தார். எஸ்தரின் விரல்கள் அதைக் கசக்கிப் பிடித்திருந்தன. அவர் கண் திறந்திருந்தது. மணியைவிட்டு அகலாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காற்றிலும் நெற்றி வியர்த்திருந்தது.

காற்று ஓய்ந்தது. மணி ஆடி ஆடி நின்றது.

"டீச்சர், உங்களுக்குமா?"

"பின்ன? நீங்க வாரதுக்கு முன்னாடி நானும் ஏணி போட்டு ஏறிக் கொக்கியத் தடவிப் பாத்தேன்."

"நீங்க எத்தன மணி மாட்டியிருக்கிய!"

"எல்லாத்துக்குக் கீழயும் இப்படித்தான் கிடந்தேன்."

குருவுக்கே இந்தக் கதி என்றால் தனக்கு இந்த ஜென்மத்தில் விமோசனம் இல்லை என்று தோன்றியது சிதம்பரதாணுவுக்கு.

"அப்ப இந்தப் பயம் எப்பதான் டீச்சர் போகும்?"

எஸ்தர் அவர் சட்டையை விட்டுவிட்டு எழுந்தார்.

"போன அன்னைக்கு எங்கிட்ட வந்து சொல்லிருங்க அண்ணாச்சி. அதுக்கப்புறம் உங்கள ஏணியில ஏத்த மாட்டேன்."