பூட்டு வைத்த தச்சு மேசை

கதை முடியும்போது நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே இதில் வரும் மூன்று பேரையும் நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

செங்கோட்டையில் கோமதிநாயகம் என்றொரு தச்சர் இருந்தார். நாற்பத்தாறு வயதில் கண்ணில் நீர் அழுத்தம் ஏறி, இரண்டு கண்ணும் போய்விட்டன. ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருந்து பார்த்தார், முடியவில்லை. இருபது வருஷம் தன்னோடு ஒரே மரப்பட்டறையில் வேலை பார்த்த பீர் முகம்மதுவை வரவழைத்து, எனக்கொரு தச்சு மேசை செய்து தாரும், கீழே ஆயுதங்கள் வைக்க அலமாரியும் வேண்டும் என்றார். முக்காலியும் அஞ்சறைப் பெட்டியும் செய்யக் கை போதும் என்பது அவர் எண்ணம். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: அந்த மேசையில் எனக்குத் தெரியாத சங்கதி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பீர் முகம்மது வாக்குக் கொடுத்தார்.

வெளியே வந்தால், வாசலில் கோமதிநாயகத்தின் மனைவி உலகம்மை நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். போன மாதம் கணவர் ஒரு பழைய உளியைத் தேடி எடுத்துத் தீட்டப்போய், உள்ளங்கை கிழிந்து ஏழு தையல் போட்ட கதையை அப்போதுதான் பீர் முகம்மது கேள்விப்பட்டார். உளியும் ரம்பமும் வைக்கும் அலமாரிக்கு ஒரு பூட்டு வேண்டும், சாவி என்னிடம் இருக்கட்டும், நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் அவர் கூரான ஆயுதத்தைத் தொடட்டும் என்றாள். அவரிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆகவே சொல்லவும் கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள். ஏழு தையல் என்றதும் பீர் முகம்மதுவுக்கும் பயம் வந்துவிட்டது. அவளுக்கும் சரி என்று வாக்குக் கொடுத்தார்.

வேலை ஆரம்பித்தது. மேற்பலகைக்கு வேங்கை, கால்களுக்கும் வேங்கை. உயரம் கோமதிநாயகத்தின் மணிக்கட்டுக்குச் சரியாக இருந்தது. விளிம்பு முழுக்க ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு சிறு வெட்டு. விரலால் தடவியே அளந்துகொள்ளலாம். அலமாரிக்குள் ஒவ்வோர் ஆயுதத்துக்கும் அதனதன் வடிவில் குழி குடைந்தார். பிடி வெளியே, முனை உள்ளே பார்த்து. முடிந்ததும் துண்டால் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் அதிலேயே வேலை செய்தார். எங்கெல்லாம் கை தடுமாறியதோ அங்கெல்லாம் திருத்தினார். கடைசியாக, உளியும் ரம்பமும் இருக்கும் வலது பக்க அலமாரிக்குப் பூட்டைப் பொருத்தினார்.

மேசை வீட்டுக்கு வந்த அன்று கோமதிநாயகம் அதை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே போனார். ஒவ்வோர் இடத்திலும் முகம் மலர்ந்தது. வலது அலமாரிக் கதவில் விரல் நின்றது.

"சாவித் துவாரம் எதுக்கு?"

எலி வரும் என்றாள் உலகம்மை.

"எலிக்குத் தாழ்ப்பாள் போதுமே. நீரு சொல்லும் வே, பீரு."

பீர் முகம்மது உலகம்மையைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் இருந்த சாவியை எடுத்து நண்பரின் கையில் வைத்தார்.

"பூட்டு எலிக்கு இல்ல வே. ஒமக்கு."

உலகம்மை தலை குனிந்துகொண்டாள். கோமதிநாயகம் சாவியின் பல்லைக் கட்டைவிரலால் தடவினார். கோபப்படுவார் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவரோ மனைவியின் குரல் வந்த பக்கம் கையை நீட்டினார்.

"ஒனக்கு நிம்மதின்னா நீயே வச்சுக்கோ. பொய் சொல்லி வச்சுக்க வேண்டாம்."

அவள் சாவியை முந்தியில் முடிந்துகொண்டாள்.

அதன்பிறகு உலகம்மை வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்தால்தான் உளி வெளியே வரும். அவள் எதிரே உட்கார்ந்து பார்ப்பாள். அவர் கை தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒருநாள் விரல் நுனியில் ரத்தம் வந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு அவர் மறுபடி உளியை எடுத்தார். அவள் பயம் குறையவில்லை. ஆனால் இன்னொன்றையும் பார்த்தாள். தினமும் வீட்டுக் கதவைத் திறக்கும்போது அவர் மேசைக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "மணி மூணு ஆயிட்டா?" என்று கேட்பார். எத்தனை நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தார் என்று அவள் கேட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, பேருந்து நிறுத்தம்வரை போனவள் திரும்பி வந்தாள். முந்தியை அவிழ்த்து, சாவியைப் பூட்டில் செருகினாள்.

"சாவி அதுலயே இருக்கு. நான் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பீர் முகம்மது உலகம்மைக்குக் கொடுத்த வாக்கை விட்டார். கோமதிநாயகம் கையில் கிடைத்த உரிமையை விட்டார். உலகம்மை சாவியை விட்டாள். இந்த மூவரில் யார் விட்டுக்கொடுத்தது பெரிது? சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

விடை: உலகம்மை விட்டதுதான் பெரிது. பீர் முகம்மது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வாக்குகளைக் கொடுத்தவர். எப்படியும் ஒன்றை உடைத்தே ஆக வேண்டும். உண்மையைச் சொன்னதும் அவர் பாரம் இறங்கிவிட்டது. கோமதிநாயகம் கொடுத்தது பெரிய மனசுதான். ஆனால் மனைவிமேல் இருந்த நம்பிக்கை அவருக்குத் துணை நின்றது. உலகம்மைக்கு எந்தத் துணையும் இல்லை. பயம் தீர்ந்தபின் அவள் சாவியைக் கொடுக்கவில்லை. பயத்தை வைத்துக்கொண்டே கொடுத்தாள், அன்றிலிருந்து தினமும் சாவியைப் பூட்டிலேயே விட்டுப் போகிறாள். பள்ளிக்கூடத்தில் குழம்பு கொதிக்கும்போது கைபேசி அவள் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் அவள் வீட்டுக்கு அழைப்பதில்லை. அங்கே மணி அடித்தால், எடுக்க அவர் அவசரமாக உளியைக் கீழே வைக்க வேண்டியிருக்கும்.