குழியை மூடிய காட்டுப்பன்றி

ஒரு காட்டில் ஒரு மேடு இருந்தது. அங்கே காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, மான் எல்லாம் குடும்பம் குடும்பமாக இருந்தன. மேட்டுக்குக் கீழே ஒரு குளம். குடிக்க அந்தத் தண்ணீர்தான். வேறு தண்ணீர் வேண்டுமென்றால் காட்டையே தாண்டிப் போக வேண்டும்.

மேட்டில் சேருகிற சாணியும் மூத்திரமும் கலந்த தண்ணீர் ஒரே ஓடையாகக் கீழே வரும். வந்து ஒரு பெரிய குழியில் நிற்கும். கசடு அடியில் தங்கிவிடும். மேல் தண்ணீர் மட்டும் கோரைப்புல் வழியாகக் கசிந்து கசிந்து குளத்துக்குப் போகும். குழியில் சேர்ந்த கசடை வாரிப் போடுவதற்கு வீட்டுக்கு வீடு முறை வைத்திருந்தன.

அந்தத் தடவை காட்டுப்பன்றியின் முறை. அது அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. கசடு வாரிவிட்டு வந்தால் குட்டிகளே பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

"என்ன மதினி, நீங்க வர்றதுக்கு முன்னாடி உங்க வாசனை வந்துருதே!" என்று முள்ளம்பன்றி சிரித்தது.

பன்றிக்கு அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது.

"குளத்தைப் பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு! நாத்தம் பூரா இந்தக் குழியிலதான். குழியை மூடிட்டு ஓடையை நேரா குளத்துல விட்டுருவோம்!" என்றது.

"அட, ஆமா! வாருற வேலையும் மிச்சம்!" என்றது மான்.

கோரைக்குள் கூடு கட்டியிருந்த நீர்க்கோழி பதறிப்போனது. "வேண்டாம் அக்கா! குழி நாறுறதாலதான் குளம் நாறாம இருக்கு!"

"உன் கூடு காஞ்சு போகும்னு உனக்குப் பயம்! அதுக்காக எம்பிள்ளைங்க இந்த நாத்தத்துல கிடக்கணுமா?"

எல்லாம் சிரித்தன.

பன்றி தன் மூக்காலேயே மண்ணைத் தள்ளிக் குழியை மூடியது. கோரையைச் சுற்றிப் புதுசாக வாய்க்கால் கீறியது. ஓடை நேராகக் குளத்தில் விழுந்தது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. "இப்ப மோந்து பாருங்க மதினி!" என்று பன்றி பெருமையாகச் சொன்னது. குட்டிகளும் ஒட்டிக்கொண்டு பால் குடித்தன.

பிறகு குளம் பச்சையாக மாறியது. மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. தண்ணீர் இல்லாமல் கோரை காய்ந்தது. நீர்க்கோழி தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

முள்ளம்பன்றியின் பிள்ளைக்கு வயிற்றால் போனது. அது செத்தது. பன்றிக்குட்டிகளுக்கும் போனது. ஒன்றன் பின் ஒன்றாகச் செத்தன. ஒரே ஒரு குட்டிதான் மிஞ்சியது.

பன்றி ஓடிப்போய்க் குழியைத் தோண்டியது. மூக்கு கிழிந்து ரத்தம் வந்தது. ஓடையைத் திரும்பக் குழிக்குத் திருப்பியது. ஆனால் வடிகட்டக் கோரை இல்லை. குழி நிறைந்து, கறுப்புத் தண்ணீர் அப்படியே குளத்துக்கு வழிந்தது.

"கோரை எப்ப முளைக்கும்?" என்று அழுதது.

"மழை வரணும் மதினி," என்றது முள்ளம்பன்றி. அதற்குக் கிண்டல் எல்லாம் போயிருந்தது.

மான் கூட்டம் வேறு தண்ணீர் தேடிக் காட்டைத் தாண்டப் புறப்பட்டது. பன்றிக்குட்டியால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. தாய்க்கோ பால் வற்றிவிட்டது.

"அம்மா, தண்ணி!"

பன்றி குளத்துக்கும் குட்டிக்கும் நடுவில் படுத்துக்கொண்டது.

"ஒரே ஒரு வாய்மா!"

"வேணாம்டா சாமி. அது தண்ணி இல்லடா."

பொழுது சாயும்வரை குட்டி கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை.

நம் அழுக்கைத் தாங்குகிற இடத்தை அருவருத்து மூடினால், அந்த அழுக்கு நம் பிள்ளைகளின் வாய்க்குத்தான் வந்து சேரும்.