துக்க வீட்டு அப்பம்

கிணற்றடியில் அக்சாள் குடத்தைத் தூக்கித் திரும்பியபோது, பின்னால் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.

"கல்யாண வீட்டுக்கும் போகக்கூடாதாம், துக்க வீட்டுக்கும் போகக்கூடாதாம். அப்புறம் அந்தத் தீர்க்கதரிசிக்கு எந்த வீட்டில்தான் வேலை?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அக்சாளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் அவளுடைய அப்பா கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தீர்க்கதரிசி எரேமியா, அதே ஆனதோத் ஊர்க்காரன். ஒரு காலத்தில் அவனுக்கு அவளைக் கேட்பதாக இருந்தார்கள். பெண் கொள்ளாதே என்று கர்த்தருடைய வார்த்தை அவனுக்கு வந்தது, பேச்சு நின்றுபோனது. அன்று அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு வாக்குக் கொடுத்தான்: உன் அப்பாவை அடக்கம் செய்யும் நாளில் உனக்கு நானே அப்பம் பிட்டுத் தருவேன். அந்த ஊரில் துக்கப்படுகிறவர்கள் தங்கள் அடுப்பில் சமைத்து உண்பதில்லை. வேறு வீட்டார் ஒருவர் அப்பத்தைப் பிட்டுக் கையில் கொடுத்தால்தான் பட்டினி முடியும். கல்யாணம்தான் இல்லையென்று ஆனபின், அந்த ஒரு வாய் அப்பத்தையே அக்சாள் இத்தனை வருடமும் தனக்கென்று வைத்திருந்தாள். இப்போது துக்க வீட்டில் நுழையாதே என்றும் அவனுக்கு வார்த்தை வந்திருக்கிறது.

அன்று மாலையே அப்பா அடக்கமானார். யார் கொண்டுவந்த அப்பத்தையும் அக்சாள் வாங்கவில்லை. இரண்டு நாள் தண்ணீர் மட்டும் குடித்தாள். எரேமியா தெருவின் எதிர்ச்சுவர் ஓரமாக வந்து நின்றான். இருட்டினால் போவான், விடிந்தால் வருவான். சன்னல் வழியே பார்த்தாள். அவன் உதடுகளும் வெடித்திருந்தன.

தாய்மாமன் ஏலோனுக்குப் பொறுக்கவில்லை. அவனிடம் போனார்.

"தம்பி, நீ உள்ளே வரவேண்டாம். அவள் படிக்கு உள்ளே நிற்கட்டும், நீ தெருவில் நின்று பிட்டுக் கொடு. வார்த்தையும் தப்பாது, வாக்கும் தப்பாது."

"தெருவில் நின்று பிட்டாலும் அது துக்க அப்பம்தான், மாமா. செத்தவர்களுக்காக அப்பம் பிட்க ஆளே இல்லாத நாள் ஒன்று வருகிறது. என்னைப் பார்த்துத்தான் இந்த ஊர் அதை அறிய வேண்டும். நான் பிட்டுவிட்டால் யார் நம்புவார்கள்?"

ஏலோன் திரும்பி வந்து மருமகளைக் கடிந்துகொண்டார். அவன் கைதான் கையா, என் கை கை இல்லையா என்று கேட்டார். வாக்குக் கொடுத்தவர் வரட்டும் என்று மட்டும் அவள் சொன்னாள்.

வழி தேடிய ஏலோன், மறுத்த எரேமியா, பட்டினி கிடந்த அக்சாள். இதில் யார் செய்தது சரி?

விடை: எரேமியா மறுத்ததே சரி. ஏலோன் தேடிய வழியில் கால் மட்டும் வெளியே நிற்கும், சொன்ன செய்தி பொய்யாகிவிடும். ஆனாலும் மறுத்ததால் எரேமியாவின் வாக்கு தீர்ந்துவிடவில்லை. கொடுத்தவன் தன் வாக்கைத் தானே அவிழ்த்துக்கொள்ள முடியாது. வாங்கியவள்தான் அவிழ்க்க வேண்டும். இதை அக்சாள் தன் பட்டினியில் கிடந்து கண்டுபிடித்தாள். மூன்றாம் நாள் காலையில் மாமனிடம் கைநீட்டி, அவர் பிட்ட அப்பத்தை வாங்கினாள். வாசற்படிக்கு வந்து, எதிர்ச்சுவரிலிருந்து நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்து, ஒரு துணுக்கும் மீதி வைக்காமல் தின்றாள்.