மல்லிக்கட்டுக்குள்ள இருந்த ஒத்தைத் தண்டு

ஒரு ஊர்ல ஒரு சந்தேகக்காரி இருந்தா. மலைமேல, ஓடைக்கரையில அந்த ஊரு. அவ பேரு பேச்சியம்மா. அவ மக வெள்ளத்தாயி பிள்ளை பெத்து அம்மா வீட்டுல இருந்தா. பச்ச உடம்பு. "அம்மா, நாக்கு செத்துப் போச்சு, மல்லித் துவையல் அரைச்சுக் குடு"ன்னு கேட்டா. ம் சொல்லுடி! நீ ம் சொன்னாத்தான் அத்தை மேல சொல்லுவேன்.

அப்போ பேச்சி சந்தைக்குப் போனா. கடைக்காரன் ஒரு கட்டு நீட்டினான். அந்த மலையில மல்லித்தழை மாதிரியே ஒரு விஷச்செடி முளைக்கும். இவன் அதைக் கலந்திருப்பானோன்னு சந்தேகம் இவளுக்கு. கட்டைப் பிரிச்சு, ஒவ்வொரு தண்டா உருவி, கசக்கி, உஸ் உஸ்னு மோந்தா. எல்லாம் நல்ல மல்லி. இருந்தாலும், "உன் முழியே சரியில்ல"ன்னு போட்டுட்டு வந்துட்டா.

அப்புறம் பக்கத்து வீட்டுச் செவந்தி, பாவம், ஆசையா ஒரு கட்டு கொண்டாந்தா. அதையும் பிரிச்சு, கசக்கி, உஸ் உஸ். அதுவும் நல்ல மல்லிதான். "நீ சும்மா குடுக்கற ஆளாடி?"ன்னு திருப்பிக் குடுத்துட்டா. செவந்திக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. எனக்கே பேச்சி மேல கோவம் வருது. தூங்கிட்டியா? ம்.

அப்புறம் மூணாவதா, வீட்டுப் பின்னாடி ஓடை ஓரத்துப் பாத்திக்குப் போயி சரக் சரக்னு கைநிறையப் பறிச்சா. நம்ம வீட்டுதுதானேன்னு ஒண்ணைக்கூடப் பிரிச்சுப் பாக்கல. கட்டா அம்மிப் பக்கத்துல வச்சா. வெள்ளத்தாயி ஆசையில ஒரு தண்டைத் தழையோட எடுத்து வாய்க்கிட்ட கொண்டு போனா.

"ஏய், வைக்காதே!" பிள்ளையைப் பாக்க வந்த செவந்தி வாசல்ல இருந்து கத்தினா. "தண்டைப் பாரு, வழவழன்னு, கத்திரிப்பூ நிறத்துல திட்டுத் திட்டா இருக்கு!"

"உனக்குப் பொறாமைடி"ன்னு பேச்சி கட்டை மொத்தமா மோந்தா. கமகமன்னு இருந்துச்சு. இருக்காதா பின்ன? சுத்தியும் மல்லியில்ல இருக்கு! அப்போ செவந்தி வெள்ளத்தாயி கையில இருந்த அந்த ஒத்தைத் தண்டைப் பிடுங்கி, தனியா கசக்கி நீட்டினா. ச்சீ! எலிப்பொந்து நாத்தம். அந்த விஷச்செடியேதான், ஓடை ஓரமா பாத்திக்குள்ள தானா முளைச்சிருக்கு.

பேச்சி மகளைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா. "ஊரையே சந்தேகப்பட்டேனே செவந்தி, என் கையை மட்டும் நம்பிட்டேன்டி! என் புள்ளைய நானே கொன்னிருப்பேனே!"

ஏய், அத்தை கையை ஏன்டி மோந்து பாக்கற? இன்னிக்கு நீ தின்ன துவையலா? சரி, நல்லா மோந்துக்கோ. ம்? மல்லிதானே? கதை அடங்கிருச்சு, நீயும் அடங்கித் தூங்கு.