மார்ஜினில் ஒரு டீ கிளாஸ்

"அக்கா, நீங்க ஏன் எனக்கு ஒரு டிக் கூடப் போட மாட்டேங்கறீங்க?"

கேட்டவள் மோனிஷா. பிளஸ் டூ முடித்த கையோடு சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தவள். கூடப் படித்தவர்கள் காலேஜுக்குப் புதுத்துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு வாய்த்த குரு சுகந்தி அக்கா. குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். வயது இருபத்தாறு, கையில் எந்நேரமும் டீ கிளாஸ், பேச்சு கம்மி.

"எதுக்கு டிக்?" என்றாள் அக்கா.

"சரியா தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா டீயைக் குடித்தாள்.

மோனிஷாவின் கவலை சின்னதல்ல. வேலைக்குத்தான் போவேன் என்று வீட்டில் சண்டை போட்டு வந்தவள். "ஒரு வாரம் பாரு. சரிப்படலீன்னா பேசாம காலேஜுல சேரு" என்று அப்பா சொல்லியிருந்தார். நாளையோடு வாரம் முடிகிறது. தோற்றுப்போய் வீடு திரும்புவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் ஜவ்வரிசி மூட்டைகள் வந்தன. ஒரே லாரியில் மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று மூன்று ஊர்ச் சரக்கு. கடைசி ஊர் மூட்டை முதலில் ஏற வேண்டும், முதல் ஊர் மூட்டை கடைசியில். மாறிப்போனால் மதுரையில் லாரியையே காலி பண்ண வேண்டியிருக்கும்.

எதை எங்கே ஏற்றுவது என்று மோனிஷா எழுதினாள். ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டு, டிக்குக்கு இடம் விட்டு எழுதினாள். பழக்கம் விடுமா?

அக்கா தாளைப் படிக்கவில்லை. மேசையில் வைத்து, மார்ஜின் மேல் டீ கிளாஸை வைத்தாள். எடுத்தபோது வட்டமாக ஒரு கறை.

"முட்டை போட்டுட்டீங்களா?" மோனிஷாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா தாளை டிரைவர் மாதையனிடம் நீட்டினாள். "இதும்படி ஏத்துங்கண்ணா."

மூட்டைகள் ஏறின. தார்ப்பாய் கட்டினார்கள். லாரி கிளம்பிவிட்டது.

"அக்கா, நீங்க பாக்கவே இல்லையே!"

"ஆமா."

"தப்பா இருந்தா?"

"மதுரையில தெரியும்."

மறுநாள் காலையில் போன் அடித்தது. மதுரைக் கடைக்காரர்.

"யாரு லோடு எழுதினது?"

போனை எடுத்த மோனிஷா அக்காவைப் பார்த்தாள். அக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

"நான்தாங்க. மோனிஷா."

"தார்ப்பாயப் பிரிச்சதும் கைக்கு எட்டுற எடத்துல எம் மூட்டை. மளமளன்னு எறக்கியாச்சு. இனிமே எனக்கு நீங்களே எழுதுங்கம்மா."

பொதுத்தேர்வு ரிசல்ட் வந்த அன்றைக்குக்கூட அவள் இப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

"அக்கா! சரியா இருந்துச்சாம்!"

"எனக்கெதுக்குச் சொல்ற? உங்கப்பாகிட்டச் சொல்லு."

சொன்னாள். அப்பா, "அப்ப நாளைக்கும் டிபன் பாக்ஸ் கட்டச் சொல்லீர்றேன் கண்ணு" என்றார்.

போனை வைத்த பிறகுதான் மோனிஷாவுக்குக் கேட்கத் தோன்றியது.

"படிக்காமலே அனுப்பினீங்களே, உங்களுக்குப் பயமா இல்லையா?"

"ஒரு வாரமா உன்னையப் படிச்சுட்டுத்தான இருந்தேன்."

சாயங்காலம் மோனிஷா எழுதிய தாளின்படி அடுத்த லாரியில் சரக்கு ஏறி முடிந்தது. டிரைவர் உள்ளே வந்து, வழக்கம்போல அக்காவைக் கேட்டார்.

"கிளம்பலாமுங்களா மேடம்?"

அக்கா வாயில் டீ. மோவாயால் மோனிஷாவைக் காட்டினாள். டிரைவர் திரும்பினார்.

"கிளம்பலாமுங்களா மேடம்?"

மோனிஷாவை இதுவரை யாரும் மேடம் என்றதில்லை. எழுந்து வெளியே போனாள். கையில் இருந்த தாளையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவசரமே படவில்லை.

"கிளம்புங்கண்ணா."

உள்ளே வந்து தாளை மேசையில் வைத்தாள். டீ கிளாஸோடு அக்காவின் கை அதன் மேல் போய், நின்றது.

மார்ஜினே இல்லை.